எம்.ஏ. முடிக்க ஐம்பது மதிப்பெண் போதுமா?

8 ஜூன் 2025, கேள்வி

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. வரலாறு சேரப்போகிறேன். "எல்லா பேப்பரிலும் ஐம்பது எடு, ரெண்டு வருஷத்தை ஓட்டு, பட்டம் தானா வந்துடும்" என்கிறார் சீனியர் அண்ணன். அவ்வளவுதானா? வேறு நிபந்தனை ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு 10.40

அவ்வளவுதான் இல்லை தம்பி. நானும் எம்.ஏ. வரலாறுதான், 2011–13. எல்லா பேப்பரிலும் ஐம்பதுக்கு மேலே எடுத்தேன். இரண்டு வருடமும் ஓடியது. பட்டம் வரவில்லை.

நான்காம் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரமே ப்ரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) வாங்க ஆபீசுக்குப் போனேன். கிளார்க் லெட்ஜரைப் புரட்டிவிட்டு, "ரெண்டு கிரெடிட் குறையுதேம்மா" என்றார். கிரெடிட் என்பது ஒவ்வொரு பேப்பரும் பாஸ் ஆனால் சேரும் பாட அளவுக் கணக்கு. 90-க்கு 88. எங்கே போயின அந்த இரண்டு? இரண்டாம் செமஸ்டரில் சாஃப்ட் ஸ்கில்ஸ் என்று ஒரு பேப்பர் இருந்தது. சராசரியில் சேராது என்று சொல்லியிருந்தார்கள். வகுப்பும் ஒழுங்காக நடக்கவில்லை. பரீட்சை அன்றைக்கு அத்தை மகளுக்குக் கல்யாணம். சராசரியில் சேராத பேப்பருக்காக யார் சாப்பாட்டை விடுவார்கள்? பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அந்தப் பேப்பரை நினைக்கவே இல்லை.

நவம்பரில் எழுதினேன், பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது. அதற்குள் அந்த வருட எம்.ஃபில். சேர்க்கை முடிந்துபோயிற்று. பட்டச் சான்றிதழில் தேர்ச்சி பெற்ற மாதம் நவம்பர் 2013 என்றுதான் இருக்கிறது. நேர்முகத்துக்குப் போகும்போதெல்லாம் "ஏன் நவம்பர்?" என்று ஒருவர் கேட்பார். கல்யாண விருந்து என்று சொல்ல முடியுமா?

மதிப்பெண் ஒரு கணக்கு, கிரெடிட் இன்னொரு கணக்கு. இரண்டும் தனித்தனியாக நிரம்ப வேண்டும். மீதி நாளைக்கு.

9 ஜூன், காலை

ஐம்பதுக்கு வருகிறேன். ஒவ்வொரு பேப்பருக்கும் இன்டர்னல் (வகுப்பாசிரியர் போடுவது) 25, எக்ஸ்டர்னல் (செமஸ்டர் பரீட்சை) 75. எங்கள் காலத்தில் இரண்டையும் கூட்டி 50 வர வேண்டும், எக்ஸ்டர்னலில் தனியாகவும் பாதி வர வேண்டும். 75-ல் பாதி 37½, ஆக 38. வகுப்பில் ஒருத்தன் இன்டர்னலில் 25-க்கு 24 வாங்கினான். எக்ஸ்டர்னலில் 36. மொத்தம் 60, முதல் வகுப்பு மதிப்பெண். ஃபெயில். பக்கத்திலேயே 12-ம் 39-ம் எடுத்து 51 வாங்கியவள் பாஸ். அந்தப் பையன் நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்டர்னலில் தயவு கிடைக்கும், எக்ஸ்டர்னலில் கிடைக்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு. இன்றைக்கு நான் இன்டர்னல் போடும் இடத்தில் இருக்கிறேன் (ஒரு கல்லூரியில் இரண்டாம் ஷிஃப்ட்). அந்தத் தயவு எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். ஏற்பாடு சரிதான்.

9 ஜூன், காலை, கொஞ்சம் தள்ளி

கேட்க மறந்துபோனேன். ஐம்பது எடுத்து பாஸ் ஆகி என்ன செய்யப் போகிறாய்? கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை என்றால் ஐம்பதை மறந்துவிடு. நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுத எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும். பிஎச்.டி. சேர்வதற்கும் 55. நான் 2000-க்கு 1092. சதவீதம் 54.6. எட்டு மதிப்பெண்ணில் போனது. தோராயமாக 55 என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்காதே, நெட் அறிவிப்பில் முழுமையாக்கக் கூடாது என்றே போட்டிருப்பார்கள்.

9 ஜூன், மதியம்

மேலே உள்ள குறிப்புக்குத் திருத்தம். மூன்று பேர் தனித்தனியாக வந்து குட்டிவிட்டீர்கள், நன்றி. 55 என்பது பொதுப் பிரிவினருக்கு. ஓ.பி.சி.யில் கிரீமிலேயர் (வசதி வரம்பைத் தாண்டியவர்கள்) அல்லாதவர்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு நெட் எழுத 50 போதும். பிஎச்.டி. சேர்க்கையிலும் ஐந்து சதவீதத் தளர்வு உண்டு.

வெட்கக்கேடு என்னவென்றால், 2014-ல் எனக்கு ஒருவர் சொன்ன அதே அரைகுறை வாக்கியத்தைத்தான் நேற்று நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். "54.6-ஆ? நெட் மூடிடுச்சும்மா" என்றார். நம்பினேன். நான் பி.சி. எனக்கு 50 போதும் என்று தெரியாமலே இரண்டு வருடம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பழைய வகுப்புத் தோழி சொல்லித்தான் தெரிந்தது.

9 ஜூன், மாலை

"நேற்று" இல்லை, இன்று காலை. தூக்கம் போதவில்லை.

பி.சி. என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழை நீட்டினால் நெட்டுக்கு ஆகாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்றும் நினைக்காதே, சில இல்லை. கிரீமிலேயருக்கான வருமான வரம்பு வருடத்துக்கு எட்டு லட்சம். அதைப் பார்த்து பயந்துபோய் விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் நிறைய. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த எட்டு லட்சக் கணக்கில் வராது. அதே சமயம் அப்பாவோ அம்மாவோ என்ன பதவியில் இருக்கிறார் என்று தனியாகப் பார்ப்பார்கள்.

பட்டத்தின் நிபந்தனையைக் கேட்டால் சாதிச் சான்றிதழில் வந்து நிற்கிறோம். நம் ஊரில் எந்தப் படிப்புப் பேச்சும் கடைசியில் தாலுகா ஆபீசுக்குத்தான் போகும்.

11 ஜூன்

எக்ஸ்டர்னல் 38 பற்றி: "எங்கள் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்டர்னலுக்கு 40 சதவீதம், அதாவது 30 போதும்" என்று ஒருவர். இன்னொருவர் தங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் இன்டர்னலுக்கும் தனி மினிமம் உண்டு என்கிறார். சரி, ஒத்துக்கொள்கிறேன். மொத்தத்தில் 50 என்பது பொதுவாக நிற்கும், உள்ளே பிரிப்பது இடத்துக்கு இடம் மாறும். எங்கள் நோட்டீஸ் போர்டு பையன் 30 போதும் என்கிற அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் பாஸ். பாவம்.

ஆகவே தம்பி, சேர்ந்த அன்றே உன் பேட்ச்சுக்கான ரெகுலேஷன்ஸ் பி.டி.எஃப்.பை இறக்கி வைத்துக்கொள். சீனியர் அண்ணனுடையது வேண்டாம். பாடத்திட்டம் மாறும்போது விதியும் மாறும், உனக்கு நீ சேர்ந்த வருடத்து விதிதான். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பல்கலைக்கழகத் தளத்திலும், தன்னாட்சி என்றால் கல்லூரித் தளத்திலும் தேடு. அதில் கடைசிப் பக்கங்களைப் படி. முதல் பக்கங்களில் நோக்கம், தொலைநோக்கு என்று அழகாக எழுதியிருப்பார்கள். ஆளை அடிப்பதெல்லாம் கடைசியில் இருக்கும்.

11 ஜூன், இரவு

கிரெடிட் என்றால் என்ன என்று தனியாகக் கேட்டிருக்கிறாய். வாரம் ஒரு மணி நேரம் என்று ஒரு செமஸ்டர் முழுக்க, அதாவது 15 மணி நேரம் பாடம் நடந்தால் ஒரு கிரெடிட். நாலு கிரெடிட் பேப்பர் என்றால் 60 மணி நேரம். முக்கியப் பாடங்கள், விருப்பப் பாடங்கள், வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டிய ஒன்று, ப்ராஜெக்ட், அப்புறம் நான் கோட்டைவிட்ட சில்லறைகள். சில இடங்களில் முதல் வருடக் கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் உண்டு. அதற்கும் இரண்டு கிரெடிட். அதையும் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் பாடத் தளத்தில் படித்தும் கிரெடிட் எடுக்கலாம். ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை அனுமதிக்கலாம் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2021-லேயே சொல்லிவிட்டது. அனுமதிக்கலாம் என்றுதான் சொன்னது. உன் கல்லூரி அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டு.

14 ஜூன்

வருகைப்பதிவு. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் என் மாணவர்கள் அதிகம் விழுவது இந்தக் குழியில்தான்.

75 சதவீதம் இருந்தால் ஹால் டிக்கெட். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 22 நாள் லீவு போடலாம். 65-க்கும் 75-க்கும் நடுவே என்றால் கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னித்து எழுத விடுவது): கட்டணம், மருத்துவச் சான்று, துறைத்தலைவர் கையெழுத்து. 50-க்கும் 65-க்கும் நடுவே என்றால் தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் அந்தப் பரீட்சையை எழுத விட மாட்டார்கள், அடுத்த செமஸ்டர் பேப்பர்களோடு சேர்த்து எழுதலாம். 50-க்கும் கீழே போனால் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். அப்படி மறுபடி வந்து உட்கார்ந்தவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் அங்கேயே படிப்பு நின்றுவிடும்.

போன வருடம் எங்கள் துறைக்கு வந்த கண்டோனேஷன் மனுக்களில் ஒன்பது மருத்துவச் சான்று ஒரே டாக்டருடையது. ஒன்பதுக்கும் ஒரே நோய். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தத் தெருவுல கொசு மருந்து அடிக்கச் சொல்லணும்" என்றபடியே கையெழுத்துப் போட்டார்.

14 ஜூன், தொடர்ச்சி

சிரிப்பாக முடித்துவிட்டேன், ஆனால் அந்தக் கட்டில் பத்தாவது மனு ஒன்று இருந்தது. மூன்றாம் செமஸ்டரில் பிரசவமான பெண். வருகை 58. விதிப்படி கண்டோனேஷன் எல்லைக்கே வரவில்லை. அவளுக்குச் சான்றிதழ் தேடிப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை, குழந்தையையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பெண் மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைத் தளர்வும் தர விதி செய்யுங்கள் என்று யு.ஜி.சி. 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கிறது. அந்தக் கடிதத்தை அச்செடுத்து மனுவோடு குத்தி அனுப்பினோம். கிடைத்தது. கடிதத்தை நாங்கள் தேடாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆபீசில் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இதைப் படிக்கும் பெண்கள் யாருக்காவது தேவைப்பட்டால், முதலில் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தை எதற்கும் ஆகாது.

17 ஜூன்

அரியர் வைத்து எத்தனை வருடம் எழுதலாம் என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். படிப்புக் காலத்தோடு இரண்டு வருடம் என்பதுதான் யு.ஜி.சி. சொன்ன பொது அளவு. இரண்டு வருட எம்.ஏ.வுக்கு நான்கு வருடம். தவிர்க்க முடியாத சூழலில் இன்னொரு வருடம். அதற்குப் பிறகும் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு என்று அறிவிக்கும். மெர்சி சான்ஸ் என்போம். அதில் எழுதுவதாக இருந்தால், உங்கள் பேப்பர் இன்னும் பாடத்திட்டத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் அதற்கு ஈடாக எதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு புத்தகம் வாங்குங்கள் ஐயா. பழைய நோட்ஸை நம்ப வேண்டாம்.

மறுமதிப்பீடு: எங்கள் எம்.ஏ. விடைத்தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தினார்கள். இருவருக்கும் இடையே ரொம்ப வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளுக்குப் போகும். அதனாலேயே மறுமதிப்பீடு கிடையாது என்றார்கள். உங்கள் இடத்தில் உண்டென்றால் முதலில் விடைத்தாள் நகலை வாங்கிப் பாருங்கள். நான் இளங்கலையில் நகல் வாங்கிப் பார்த்தேன். போட்ட மதிப்பெண்ணே அதிகம் என்று தோன்றியது, பேசாமல் இருந்துவிட்டேன்.

22 ஜூன்

ப்ராஜெக்ட் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறாய். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நான்காம் செமஸ்டரில் எங்கள் ஊர் ஏரியை எடுத்துக்கொண்டேன். அறுபது பக்கம். அதில் முப்பது பக்கம் மாவட்டத்தின் வரலாறு, மழையளவு, ஆறுகள் என்று எல்லோரும் போடுவது. அந்த முப்பதை யார் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்காதே. அப்போதெல்லாம் மென்பொருளில் போட்டுப் பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கம் வரவில்லை. இன்றைக்கு அந்த விளையாட்டு ஆகாது. 2018 யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி வேறொருவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் திருத்திக் கொடுக்கவே ஒரு வருடத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

டி.டி.பி. கடையில் மூன்று ராத்திரி. மேலட்டையில் தங்க எழுத்து. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அறுபது பக்கத்தையும் கட்டை விரலால் சர்ரென்று தள்ளிப் பார்த்துவிட்டு, "மதகுக்கும் கலிங்குக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார். ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறேன். இரண்டு சொல்லும் உள்ளே இருபது இடத்தில் வருகிறது. எனக்குத் தெரியவில்லை. இரண்டும் தண்ணீர் போகும் வழி என்று முணுமுணுத்தேன். "தண்ணி போற வழிதான். எதுக்குப் போற தண்ணி?" என்றார் மறுபடி. தாத்தாவைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார்: வயலுக்கு விடுவது மதகு, மிஞ்சியதை வெளியேற்றுவது கலிங்கு. ப்ராஜெக்டுக்காக ஏரிக்கரையில் போட்டோ எடுக்கப் போனபோது தாத்தாதான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.

பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. நல்ல மதிப்பெண்ணே போட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

23 ஜூன்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்படியானால் ப்ராஜெக்ட் வெறும் சடங்கா?" என்கிறார். பாதி இடங்களில் சடங்குதான். ஆனால் பிஎச்.டி. நேர்முகத்தில் முதலில் கேட்பது "எம்.ஏ.வில் என்ன ப்ராஜெக்ட்?" என்றுதான். அதற்காகவாவது உருப்படியாகச் செய். எம்.ஃபில். என்ற படி நடுவில் இருந்தது, 2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. ஒழுங்குமுறை அதை எடுத்துவிட்டது. நான் 2014–15-ல் செய்த எம்.ஃபில். செல்லும், புதிதாகச் சேர்வது செல்லாது. எனவே ஆராய்ச்சி என்றால் என்ன என்று பழக உனக்கு இந்த ஒரு ப்ராஜெக்ட்தான் இருக்கிறது.

29 ஜூன்

ஒரு வாசகி தனிச் செய்தியில் கேட்டதை, அவர் அனுமதியோடு பொதுவில் எழுதுகிறேன். அவருடைய அம்மா பி.ஏ. படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக எம்.ஏ. முடித்தவர். வேலைக்கு ஏற்கவில்லை. சான்றிதழ் போலியா என்று கேட்கிறார்.

போலி இல்லை. அந்தக் காலத்தில் வயதை வைத்து அப்படிச் சேர்த்தார்கள். ஆனால் மூன்று வருட இளங்கலை முடித்த பிறகே முதுகலை என்பது யு.ஜி.சி.யின் 1985 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் அதை உறுதி செய்தது. பத்து, பிளஸ் டூ, மூன்று வருட டிகிரி என்ற வரிசையில் வந்த முதுகலைதான் அரசு வேலைக்கு எடுபடும். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. படித்தது படித்ததுதான் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். எழுதிய பிறகு அது எனக்கே போதவில்லை.

தொலைநிலைக் கல்வி என்றாலே செல்லாது என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். வரிசை சரியாக இருந்து, அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரமும் இருந்தால் செல்லும்.

6 ஜூலை

நாலு வருட இளங்கலை முடித்தவர்களுக்கு எம்.ஏ. ஒரே வருடம் என்பது உண்மையா? உண்மை. 2024-ல் யு.ஜி.சி. வெளியிட்ட முதுகலைச் சட்டகத்தில் இருக்கிறது. மூன்று வருட டிகிரிக்காரர்களுக்கு இரண்டு வருடம், முதல் வருடத்தோடு நின்றால் முதுகலை டிப்ளமோ. நாலு வருட இளங்கலை தேசியக் கல்விக் கொள்கையின் ஏற்பாடு, அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. நீ மூன்று வருட பி.ஏ.தானே? உனக்கு இரண்டு வருடம்தான். கனவு காணாதே.

கூடவே இன்னொரு பட்டமும் படிக்கலாமா என்றால், 2022-லிருந்து படிக்கலாம். ஒன்றை நேரில் படித்து இன்னொன்றைத் தொலைநிலையில் படிக்கலாம். சாஃப்ட் ஸ்கில்ஸ் பேப்பரை ஒழுங்காக எழுதிவிட்டு அதைப் பற்றி யோசி.

13 ஜூலை

தம்பி சேர்ந்துவிட்டான். பி.டி.எஃப்.பையும் பார்த்துவிட்டான்: இன்டர்ன்ஷிப் இரண்டு கிரெடிட், 41-ஆம் பக்கம், அடிக்குறிப்பில். சபாஷ். இளங்கலை வேறு பல்கலைக்கழகம் என்பதால் மைக்ரேஷன் (பழைய பல்கலைக்கழகம் தரும் இடப்பெயர்வுச் சான்றிதழ்) கேட்டிருக்கிறார்களாம், "அதை அப்புறம் தரலாம் என்றார்கள்" என்கிறான். அப்புறம் வேண்டாம். இந்த மாதமே வாங்கிக் கொடு. அது இல்லாமல் முதல் செமஸ்டர் பதிவே நிற்கிற கதையை நான்கு பேரிடம் பார்த்திருக்கிறேன். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துக்கொள். பட்டத்தில் அச்சான பிறகு திருத்துவது தனிப் பிழைப்பு.

20 ஜூலை

கடைசியாக ஒரு திருத்தம். எட்டு மதிப்பெண்ணில் 55 போனது என்று மேலே எழுதியிருந்தேன். இன்று பீரோவைக் குடைந்து கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். 1092 இல்லை, 1094. ஆறு மதிப்பெண்தான் குறைவு, 54.7. பன்னிரண்டு வருடமாக எல்லோரிடமும் எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

லேமினேட் செய்து வைத்திருக்கிறேன் அதை. உள்ளே காற்றுக் குமிழி. பின்பக்கம் சீல் வைக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டபோது கிழித்தெடுக்கப் பார்த்து ஓரம் போய்விட்டது. நீ பிளாஸ்டிக் உறையில் சும்மா போட்டு வை.